வாட்ச் காட்டும் 52-ம் முன்னால் ஓடும் 47-ம்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26, இரண்டு வருடமாக ஓடுகிறார், வாட்ச்சில் வி.ஓ.2 மேக்ஸ் 52 என்று வருகிறது. கூட ஓடும் அண்ணனுக்கு 44 வயது, அவர் வாட்ச்சில் 47 தான், ஆனால் அரை மாரத்தான் என்று வந்தால் அண்ணன் பத்து நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறார். அப்படியானால் இந்த எண்ணுக்கு என்னதான் அர்த்தம், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏற்காடு மலையேறி ஓடினால் இது கூடுமா, நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே ஏப்ரல் மாதம் ஏன் 48-க்கு இறங்கியது என்று மூன்று கேள்விகள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண் பொய் இல்லை, ஆனால் அது வேகத்தைச் சொல்லும் எண் இல்லை. உங்கள் உடம்பால் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அதில் எத்தனை பங்கை ஒன்றரை மணி நேரம் விடாமல் பயன்படுத்த முடியும், அந்த ஆக்சிஜனை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பவை வேறு இரண்டு சங்கதிகள். உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் இருக்கும் பத்து நிமிடம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

இந்த அளவு எப்படி வந்தது என்று தெரிந்தால் மீதி எளிதாகப் புரியும். ஏ.வி. ஹில் என்ற ஆங்கிலேய உடலியல் விஞ்ஞானி (தசைகள் உண்டாக்கும் வெப்பத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-க்கான நோபல் பரிசு பெற்றவர்) தானே புல்தரையில் வட்டமடித்து ஓடி, வெளிவிடும் மூச்சைப் பையில் பிடித்து அளந்து பார்த்தார். வேகம் கூடக்கூட உடம்பு எடுக்கும் ஆக்சிஜனும் கூடிக்கொண்டே போனது, ஆனால் ஒரு வேகத்துக்கு மேல் எவ்வளவு முக்கி ஓடினாலும் ஆக்சிஜன் அளவு கூடவில்லை. 1923-ல் ஹார்ட்லி லப்டனோடு சேர்ந்து இதை வெளியிட்டார். இன்றைக்கு லேபில் முகத்தில் மாஸ்க் மாட்டி, டிரெட்மில்லின் வேகத்தையோ ஏற்றத்தையோ படிப்படியாகக் கூட்டி, எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஆளை நிற்க முடியாத நிலைக்குக் கொண்டுபோய் அளக்கிறார்கள் என்றாலும் அடிப்படை அதேதான். சைக்கிளில் வைத்து அளந்தால் ஓடுகிறவர்களுக்குப் பொதுவாகக் குறைவாக வரும், அதனால் எதில் அளந்தது என்று கேட்காமல் இரண்டு எண்களை ஒப்பிடக்கூடாது.

நம் ஊரில் ஓடுகிறவர்கள் இதை ‘லங்ஸ் கெப்பாசிட்டி’ என்றோ ‘தம்’ என்றோ சொல்வார்கள். தம் என்று சொல்வதில் தப்பில்லை, ஆனால் ஆரோக்கியமான ஆளுக்குச் சமவெளியில் தட்டுப்பாடு நுரையீரலில் வருவது அபூர்வம். தட்டுப்பாடு பெரும்பாலும் இதயத்தில்தான். இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, அந்த ரத்தத்திலிருந்து தசைகள் எவ்வளவு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கின்றன, இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் வி.ஓ.2. இதில் அதிகபட்ச துடிப்பு பயிற்சியால் கூடுவதில்லை. பயிற்சி இல்லாத ஒருவருடைய இதயம் முழு முயற்சியில் ஒரு துடிப்புக்கு 100 மில்லிலிட்டரை ஒட்டித் தள்ளினால், உலகத் தரத்து ஓட்டக்காரரின் இதயம் 200 வரை தள்ளும். மூச்சுப் பயிற்சி செய்தால் வி.ஓ.2 மேக்ஸ் கூடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இதிலேயே ஒளிந்திருக்கிறது. வாட்ச் காட்டுவது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு, இத்தனை மில்லிலிட்டர் என்ற கணக்கு. நிமிடத்துக்கு 3.2 லிட்டர் ஆக்சிஜன் எடுக்கும் ஆள் 80 கிலோ இருந்தால் அவர் எண் 40. அவரே எடை குறைத்து 72 கிலோவுக்கு வந்தால் 44-க்கு மேல். இதயம் அப்படியேதான் இருக்கிறது, எண் மட்டும் ஏறிவிட்டது. மலையேறும்போது அதனால் உண்மையிலேயே நன்மை உண்டு, தூக்கிக்கொண்டு போகும் சுமை குறைந்துவிட்டதே. ஆனால் எண்ணுக்காகச் சாப்பாட்டை வெட்டி எடையைக் குறைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதிலும் பெண்கள், வளர்கிற பிள்ளைகள் விஷயத்தில் எலும்பும் ஹார்மோனும் கெட்டுப்போகும் அபாயம் இருக்கிறது, அதைத் திரும்பக் கட்டியெழுப்ப வருடக்கணக்காகும்.

சரி, வேகத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பலதரப்பட்ட ஓட்டக்காரர்களை ஒன்றாக நிறுத்தி அளந்தால் வி.ஓ.2 மேக்ஸ் அதிகம் உள்ளவர்தான் பெரும்பாலும் முன்னால் வருவார். 1973-ல் டேவிட் காஸ்டில் குழுவினர் 16 ஓட்டக்காரர்களை வைத்து 10 மைல் ஓட்டத்தில் பார்த்தபோது இந்தத் தொடர்பு 0.91 என்று வந்தது (1 என்றால் முழுத் தொடர்பு, 0 என்றால் தொடர்பே இல்லை). ஆனால் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் தொடர்பு கரைந்துபோகிறது. 1980-ல் கான்லி, க்ரேன்புல் இருவரும் பன்னிரண்டு தேர்ந்த ஓட்டக்காரர்களை அளந்தார்கள், எல்லாருக்கும் எண் 72-ஐ ஒட்டித்தான் இருந்தது, 10 கிலோமீட்டரை முப்பதரை நிமிடத்திலிருந்து முப்பத்து மூன்றரை நிமிடத்துக்குள் ஓடக்கூடியவர்கள். அவர்களுக்குள் யார் முந்துவார் என்பதை வி.ஓ.2 மேக்ஸால் சொல்லவே முடியவில்லை, வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை விளக்கியது ஓட்டச் சிக்கனம்தான். அதாவது ஒரே வேகத்தில் போக யாருக்குக் குறைவான ஆக்சிஜன் போதும் என்பது. வண்டி வாங்கும்போது சி.சி.யை மட்டும் கேட்டுவிட்டு மைலேஜ் கேட்காமல் யாரும் வருவதில்லை, ஓட்டத்தில் மட்டும் எல்லாரும் சி.சி.யைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பெரிய ஓட்டக்காரர்களிடமும் இதே கதைதான். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வாங்கிய பிராங்க் ஷார்ட்டருக்கு லேபில் வந்தது 71. அதே காலத்து ஸ்டீவ் பிரிஃபான்டெய்னுக்கு 84. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் மூன்று மைல் ஓட்டத்தில் இருவருடைய சிறந்த நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பவுலா ராட்கிளிஃப் விஷயம் இன்னும் தெளிவு. அவரைப் பதின்ம வயதிலிருந்தே அளந்து வந்தார்கள். எண் 70-ஐச் சுற்றியே பத்து வருடத்துக்கும் மேல் அசையாமல் நின்றது, ஆனால் அதே காலத்தில் ஓட்டச் சிக்கனம் 15 சதவீதம் மேம்பட்டது. 2003 லண்டனில் அவர் ஓடிய 2 மணி 15 நிமிடம் 25 வினாடியைப் பல வருடங்கள் எந்தப் பெண்ணாலும் நெருங்க முடியவில்லை. வாட்ச்சில் எண் ஏறவில்லை என்று மனம் நொந்துபோகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இவருடைய கதையைத்தான்.

இப்போது உங்களையும் அண்ணனையும் எடுத்துக்கொள்வோம். உங்கள் இருவரையும் லேபில் அளக்கவில்லை, அதனால் நடப்புக்கு ஒத்துவருகிற எண்களை வைத்துக் கணக்குப் போடுகிறேன். நீங்கள் 52-ல் 78 சதவீதத்தை அரை மாரத்தான் முழுக்கப் பிடித்து ஓட முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு 40.6 மில்லிலிட்டர் ஆகிறது. அண்ணன் 47-ல் 86 சதவீதத்தைப் பிடிக்கிறார், அது 40.4. ஆக ஓடும்போது இரண்டு பேரும் கிலோவுக்கு ஒரே அளவு ஆக்சிஜனைத்தான் செலவழிக்கிறீர்கள், உங்களுடைய ஐந்து புள்ளி முன்னிலை இங்கேயே காணாமல் போய்விட்டது. அடுத்தது சிக்கனம். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு உங்களுக்கு 215 மில்லிலிட்டர் தேவைப்படுகிறது, அண்ணனுக்கு 196 போதும் என்றால் உங்கள் வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 18 வினாடி, அவருடையது 4 நிமிடம் 51 வினாடி. 21.1 கிலோமீட்டருக்கு நீங்கள் 1 மணி 52 நிமிடம், அவர் 1 மணி 42 நிமிடம். நீங்கள் சொன்ன பத்து நிமிடம் அப்படியே வந்துவிட்டது பாருங்கள்.

அந்த 78-ம் 86-ம் எங்கிருந்து வருகின்றன? ஒரு வேகத்துக்கு மேல் போனால் ரத்தத்தில் லாக்டேட் (தசைகள் கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் பொருள்) சேர ஆரம்பிக்கும், அந்த எல்லையைத் தாண்டி ரொம்ப நேரம் ஓட முடியாது. எல்லை எங்கே விழுகிறது என்பதைத் தசைக்குள் ஆக்சிஜனை வைத்து ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும், தசை நாரைச் சுற்றிப் படர்ந்திருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் பெரிய அளவில் தீர்மானிக்கின்றன. இவை வருடக்கணக்கில், பெரும்பாலும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில், வாரா வாரம் தூரம் சேர்த்துச் சேர்த்து வளர்பவை. இரண்டு வருட ஓட்டத்துக்கும் பதினைந்து வருட ஓட்டத்துக்கும் இங்கேதான் வித்தியாசம் தெரியும், அண்ணன் எத்தனை வருடமாக ஓடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். சிக்கனமும் அப்படித்தான். தசைநாண்களின் விறைப்பு, கால் தரையில் படும் விதம், காலில் இருக்கும் எடை எல்லாம் அதில் சேரும். கனமான எடை தூக்கும் பயிற்சியும் குதிக்கும் பயிற்சியும் வாரம் இரண்டு தடவை செய்தால் சிக்கனம் மேம்படும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன, வி.ஓ.2 மேக்ஸ் அதில் ஒரு புள்ளிகூட ஏறாது. அதனால்தான் வாட்ச்சை மட்டும் பார்த்துப் பயிற்சி செய்கிறவர்கள் ஜிம் பக்கம் போவதே இல்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லேபில் அளப்பதெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்து வந்த புதுக் காலை வைத்து. இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அதே ஆளை அளந்தால் எல்லா எண்ணும் இறங்கியிருக்கும், சிலருக்குக் கொஞ்சமாக, சிலருக்கு மோசமாக. முழு மாரத்தானில் 30 கிலோமீட்டருக்கு அப்புறம் யார் நடக்கிறார், யார் ஓடுகிறார் என்பதை இதுதான் முடிவு செய்கிறது, எந்த வாட்ச்சும் இதை ஒழுங்காகக் காட்டுவதில்லை.

ஏப்ரல் விஷயத்துக்கு வருவோம். வாட்ச் ஆக்சிஜனை அளக்கவே இல்லை. நீங்கள் போகும் வேகத்தையும் இதயத் துடிப்பையும் சேர்த்துப் பார்த்து, இந்தத் துடிப்பில் இந்த வேகம் என்றால் அதிகபட்ச துடிப்பில் எவ்வளவு வரும் என்று நீட்டிக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். சேலத்தில் ஏப்ரலில் பகல் வெயில் நாற்பதை ஒட்டிப் போகும், விடியற்காலை ஆறு மணிக்கே காற்று சூடாக இருக்கும். உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது, வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது, ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவு குறைவதால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. டிசம்பரில் 150 துடிப்பில் ஓடிய அதே வேகத்துக்கு இப்போது 162 ஆகிறது. வெயிலைக் கணக்கில் எடுக்காத வாட்ச் உடனே உங்கள் திறன் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். வெப்பத்தில் அந்த நேரத்துக்கு உண்மையான வி.ஓ.2 மேக்ஸும் கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் நீங்கள் சேர்த்து வைத்த உடற்தகுதி எங்கேயும் போய்விடவில்லை. பத்துப் பதினான்கு நாள் வெப்பத்தில் பழகினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி துடிப்பு ஓரளவு இறங்கிவிடும். 48-ஐப் பார்த்துப் பதறி வேகத்தைக் கூட்டியிருந்தால், வெயிலில் அது ஆபத்து.

அதிகபட்ச துடிப்பைப் பற்றியும் கவனம் வேண்டும். நீங்களாக எதுவும் போடாவிட்டால் பல வாட்ச்சுகள் 220-லிருந்து வயதைக் கழித்துக்கொள்ளும். உங்களுக்கு 194, அண்ணனுக்கு 176. இந்தச் சூத்திரம் தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருப்பது சர்வசாதாரணம். அண்ணனுடைய உண்மையான உச்சம் 188 என்று இருந்தால் வாட்ச் அவரைக் குறைத்தே மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அவருடைய 47 நிஜத்தில் 50-ஆகக்கூட இருக்கலாம். மணிக்கட்டு சென்சார் சில சமயம் துடிப்புக்குப் பதிலாகக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு 175 என்று காட்டும் கூத்தும் நடக்கும், அதற்கு மார்பில் கட்டும் ஸ்ட்ராப் நல்ல மருந்து.

ஏற்காட்டுக்கு வருவோம், இதைத்தான் ஆசையாகக் கேட்டிருந்தீர்கள். அடிவாரத்திலிருந்து மேலே ஏறக்குறைய 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், சராசரியாக 5 சதவீதத்தை ஒட்டிய சரிவு. சமதரையில் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓட ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 37 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும், 5 சதவீத ஏற்றத்தில் அதே வேகத்துக்கு 44 வேண்டும். உங்கள் 52-ல் வைத்துப் பார்த்தால் தரையில் 71 சதவீதம், மலையில் 85 சதவீதம். மெதுவாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே எல்லையைத் தாண்டிவிடுகிறோம், ஆறாவது ஏழாவது வளைவிலேயே பலர் நடக்க ஆரம்பிப்பது இதனால்தான். ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காத வாட்ச்சாக இருந்தால் மலை ஓட்டம் முடிந்ததும் எண் இறங்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

மலைக் காற்று ரத்தத்தைக் கூட்டும், கென்யாக்காரர்கள் மாதிரி ஆகலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்பி ஏற வேண்டாம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். கென்யாவின் இட்டென் 2,400 மீட்டர். உயரத்தால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் கூட வேண்டுமானால் பொதுவாக 2,000-லிருந்து 2,500 மீட்டரில் மூன்று நான்கு வாரம் தங்கியே இருக்க வேண்டும், அதற்கு ஊட்டி உயரம் தேவை. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஏற்காட்டில் இருந்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தால் ரத்தத்தில் ஒன்றும் மாறாது. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலை தருவது வேறு, அதுவும் பெரிய வரம்தான். குறைந்த வேகத்தில், மூட்டுக்கு அதிக அடி இல்லாமல், இதயத்தை உச்சத்துக்கு அருகில் நிறுத்திவைக்க முடிகிறது. 2007-ல் வெளிவந்த நார்வே ஆய்வொன்றில் நான்கு நிமிட வேக ஓட்டம் நான்கு தடவை, இடையில் மூன்று நிமிடம் மெதுவோட்டம், உச்சத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம், வாரம் மூன்று நாள் என்று எட்டு வாரம் செய்தவர்களுக்கு வி.ஓ.2 மேக்ஸ் 7 சதவீதம் ஏறியது. இதைச் செய்ய அடிவாரத்துக்கு மேலே இரண்டு வளைவுக்கு நடுவில் இருக்கும் நேரான ஏற்றம் மிகப் பொருத்தம். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வண்டியும் அங்கேதான் ஒட்டித் திரும்பும், அதனால் வளைவைத் தவிருங்கள். வாரம் ஒரு நாள் உங்களுக்குப் போதும். சுற்றுலா வண்டிகள் வரத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள், இருட்டில் என்றால் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். முழு மலையும் ஏறினால் இறங்கும்போது பஸ்ஸில் வந்துவிடுங்கள். இறக்கத்தில் 20 கிலோமீட்டர் ஓடுவது தொடைத் தசையைக் கிழித்துப்போடும், அடுத்த நான்கு நாள் பயிற்சி வீண்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹெரிட்டேஜ் ஆய்வு என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து 20 வாரம் ஒரே பயிற்சியைக் கொடுத்தார்கள். சராசரியாக நிமிடத்துக்கு 0.4 லிட்டர் கூடியது, ஆனால் சிலருக்கு ஒரு லிட்டர், சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த வேறுபாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு பிறப்போடு வருவது. ஆகவே நண்பருக்கு ஏறியது எனக்கு ஏறவில்லை என்றால் உழைப்பில் குறை என்று அர்த்தமில்லை.

வாட்ச்சை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது என்றால், காந்தி ஸ்டேடியம் மாதிரி 400 மீட்டர் டிராக் உள்ள இடத்தில் 12 நிமிடம் முழு முயற்சியில் ஓடி தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்ட சோதனை இது. மீட்டரில் வரும் தூரத்திலிருந்து 505-ஐக் கழித்து 44.7-ஆல் வகுத்தால் தோராய வி.ஓ.2 மேக்ஸ் வரும், ஆறு சுற்று என்றால் 42, ஏழு சுற்று என்றால் 51. இதைவிட எனக்குப் பிடித்தது 30 நிமிட ஓட்டம். அதே டிராக், அதே விடியற்காலை நேரம், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, 30 நிமிடத்தில் எவ்வளவு தூரம், கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பு என்ன என்று எழுதி வையுங்கள். துடிப்பு மாறாமல் தூரம் கூடினால் நீங்கள் வளர்கிறீர்கள், வாட்ச் 52-லேயே நின்றாலும் சரி. டிசம்பரில் ஓடியதை மே மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன மே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இது அடிக்கடி தவறவிடப்படுகிறது. ரத்தப் பரிசோதனை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும், அது குறைந்தால் மேலே போட்ட கணக்கு மொத்தமும் இறங்கும், எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட முடியாது. ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராம், பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள், சேமிப்பு இரும்பு தீர்ந்துகொண்டிருப்பது அதில்தான் முதலில் தெரியும். குழுவில் ஓடும் தங்கைகள், அக்காக்கள் யாராவது மாதக்கணக்காக ‘ஏனோ கால் நகரவே மாட்டேங்குது’ என்று சொன்னால் பயிற்சி அட்டவணையைத் தொடாமல் முதலில் லேபுக்கு அனுப்புங்கள். ரிசல்ட் குறைவாக வந்தால் கடையில் இரும்பு மாத்திரை வாங்கித் தாங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம், அதிகமானாலும் கெடுதல், டாக்டரிடம் காட்டி அளவு கேட்டுக்கொள்ளட்டும்.